கேட்டுக்கு வெளியே நாலு மாசம்

பேப்பரைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க சார். அந்தக் கடைசிப் பக்கம். ஆங், அதான். இங்கிலாந்துல ஏதோ ஃபுட்பால் கிளப்பை யாரோ வாங்கப்போறாங்களாம், எட்டு மாசமா இழுத்துக்கினே போவுதாம், ரசிகருங்க ரோட்டுக்கு வந்துட்டாங்களாம். போட்டோவுல பாருங்க, அட்டையைப் புடிச்சிக்கினு எவ்ளோ சாதுவா நிக்கறான். எட்டு மாசம் கழிச்சி இப்பத்தான் அட்டையே புடிக்கறான். நாங்க எட்டாவது நாளே புடிச்சிட்டோம்.

நீங்க எங்க இறங்கணும்? மீஞ்சூரா? அப்ப சரி, நேரம் இருக்குது. நான் மணலி புதுநகர். முன்னாடி எட்டிப் பாருங்க, கன்டெய்னர் லாரி எப்படி வரிசை கட்டி நிக்குதுன்னு. இதுங்க நவுந்து நம்ம பஸ்ஸு போறதுக்குள்ள ஒரு மேட்சே ஆடி முடிச்சிடலாம், எக்ஸ்ட்ரா டைமோட. நான் ஹார்பர்ல முப்பத்தஞ்சு வருஷம் கிரேன்ல வேலை பாத்தவன். இந்தப் பொட்டிங்களை எறக்கி எறக்கித்தான் ரோட்டுல வுட்டேன். இப்ப என்னையே வழி மறிக்குதுங்க.

என் பேரு ஏகாம்பரம். தண்டையார்பேட்டைப் பக்கம் வந்து 'பிரதர்ஸ் ஏகாம்பரம்'னு கேளுங்க, வீட்டுக்கே இட்டாந்து வுடுவாங்க. ஹார்பர் பிரதர்ஸ், எங்க கிளப்பு. மூட்டை தூக்கினவங்க சேந்து ஆரம்பிச்சது. எங்க அப்பா அதுல ஒருத்தரு. அந்தக் காலத்துல மொத்தம் அம்பத்திநாலு பேரு லைஃப் மெம்பரு. அப்பனுக்கு அப்புறம் புள்ள, புள்ளை இல்லன்னா மருமவன், இப்படியே போவும். அம்பத்திநாலு எப்பவும் அம்பத்திநாலுதான். கூடாது, குறையாது.

நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை எங்களுக்கு மொத மேட்சு. புது முதலாளி கைக்கு வந்தப்புறம் மொத மேட்சு. கோயம்புத்தூர் பம்புசெட் கம்பெனி. நல்ல மனுஷங்க. பந்தை மொதல்ல உதைச்சு ஆரம்பிச்சு வெக்கறதுக்கு எங்க பழைய செகரட்டரிதான் வரணும்னு சொல்லிட்டாங்க. அவன் மணலி புதுநகர்ல பொண்ணு வீட்டோட வந்து குந்திக்கினான். வரமாட்டேன்றான். முந்தாநாளு கேட்டாச்சு, நேத்து கேட்டாச்சு. புடிச்ச புடி. இன்னிக்கு மூணாவது தபா போறேன். எப்படியாச்சும் அவனை இட்டுக்கினு வந்துடணும் சார். கிளப்புக்காக மட்டும் இல்ல. அவன் என் வீட்டுக்காரியோட கூடப்பொறந்த அண்ணன். தணிகாசலம். நானும் அவனும் ஒண்ணாப் படிச்சோம், ஒண்ணா ஆடினோம். அவன் நடுவுல நின்னு பந்தைக் குடுப்பான், நான் ஓரமா ஓடுவேன். அப்பால அவன் தங்கச்சியையே எனக்குக் குடுத்தான்.

இன்னா சொல்லப்போறேன்னு கேக்கறீங்களா? எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கறேன். 'மச்சான், நடந்தது நடந்துபோச்சு, நான் உன்னை மன்னிச்சிட்டேன்'னு சொல்லுவேன். பெரிய மனசு பண்ணித்தான் போறேன். வயசுல நான் மூணு மாசம் சின்னவன்தான், ஆனா யாராவது ஒருத்தர் எறங்கி வரணுமில்ல.

எதுக்கு மன்னிக்கணும்னா, அது பெரிய கதை.

இந்த வருஷத்துல இருந்து லீக்குல புது ரூலு. டாக்டர் வெச்சிருக்கணும், ஆம்புலன்ஸ் நிக்கணும், சின்னப் பசங்க டீமு ரெண்டு இருக்கணும், இன்னும் என்னென்னவோ. ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள இதெல்லாம் காட்டி பதிவு பண்ணணும். பண்ணலன்னா சீனியர் டிவிஷன்ல இருந்து பேரை அடிச்சிடுவாங்க. அடிச்சிட்டா அவ்ளோதான், எங்க கிளப்பை அப்புறம் யாரும் சீந்த மாட்டான். எங்ககிட்ட டாக்டரு எங்க? முட்டி பிசகினா பாஷா பாய் டீக்கடையில ஐஸ் வாங்கி வெப்போம், அதான் வைத்தியம். அப்பத்தான் இந்தப் பம்புசெட் கம்பெனி வந்து, கிளப்பை நாங்க எடுத்துக்கறோம், பேரு மாத்த மாட்டோம், ஜெர்சி கலரு மாத்த மாட்டோம்னுச்சு. மார்ச் மாசம். பட்டாசு வெடிச்சோம் சார். பாஷா பாய் அன்னிக்கு டீ ஓசியில குடுத்தாரு, அவரு கடை வெச்ச நாள்ல இருந்து அப்படி ஒண்ணு நடந்ததே இல்ல.

மார்ச்சு முடிஞ்சது. ஒண்ணும் நடக்கல. கம்பெனி போர்டு வரல, புது கோல்போஸ்ட் வரல. தணிகாசலத்தைக் கேட்டா, 'நடந்துக்கினு இருக்குது, அதுக்குன்னு ஒரு முறை இருக்குது'ன்றான். எந்த முறை? கம்பெனிக்காரன் பேனாவைத் தெறந்துக்கினு நிக்கறான், இவன் கையெழுத்துப் போட வேண்டியதுதானே? எனக்கு உடனே புரிஞ்சிடுச்சு. பதினாலு வருஷமா செகரட்டரி. அந்த நாற்காலி ஆசை வுடல. கம்பெனி வந்தா நாற்காலி போயிடும். அதான் இழுக்கறான். சொந்த மச்சான்னுகூட பாக்காம நான்தான் மொதல்ல வாயைத் தெறந்தேன். நான் அப்படித்தான் சார், நியாயம்னு வந்தா உறவு பாக்க மாட்டேன்.

ஏப்ரல் எட்டாம் தேதி, பாஷா பாய் கடை வாசல்ல எல்லாரையும் கூட்டினேன். கடை எங்க கிரவுண்டு கேட்டுக்கு நேரா வெளியில, மதில் ஓரமா இருக்குது. நூத்தம்பது பேரு வந்தாங்க. எங்க ஏரியாவுல சத்தியம் பண்றதுன்னா சூடம் கீடம் ஏத்தறது இல்ல. பந்தைக் கீழ வெச்சு, செருப்பைக் கழட்டிட்டு, வலது காலை அதுமேல வெச்சு சொல்லணும். அப்படி சொல்லிட்டு மீறினவன் கேலரியில குந்தக் கூடாது, வெளிய நின்னுதான் மேட்ச் பாக்கணும். சாவற வரைக்கும். ஒருத்தன் இருந்தான், சீட்டு ஆட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு ஆடினான். இருபது வருஷமா முருங்கை மரத்து மேல ஏறித்தான் மேட்சு பாத்தான்.

நான்தான் சத்தியத்தை எழுதினேன். மூணு விஷயம். கம்பெனி கிளப்பை எடுக்கற வரைக்கும் ஒருத்தனும் கேட்டைத் தாண்டி உள்ள போகக்கூடாது. கமிட்டி அனுப்பற கடுதாசி எதையும் கையால தொடக்கூடாது. கமிட்டி ஆளுங்களோட, உள்ள போறவங்களோட, கிளப்பு விஷயம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. எப்படி? ஓட்டையே இல்லாம எழுதினேன். வக்கீல் ஒருத்தரு படிச்சிட்டு, 'ஏகாம்பரம், நீ ஹார்பர்ல கெடந்து வீணாப் பூட்டே'ன்னாரு.

நூத்தம்பது பேரும் வரிசையா பந்துமேல கால் வெச்சாங்க. அதுல முப்பது பேரு லைஃப் மெம்பருங்க. இளந்தாரிங்க வந்தது பெருசு இல்ல சார், லைஃப் மெம்பருங்க முப்பது பேரு வந்தாங்க பாருங்க, அதான் எனக்குப் பெருமை.

அன்னியில இருந்து தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு கேட்டு வாசல்ல நிப்போம். 'கமிட்டியே இழுக்காதே, கையெழுத்தைப் போடு'. நான் சொல்ல, பின்னால எல்லாரும் சொல்லுவாங்க. ரெண்டு பறை, ஒரு பேண்டு டிரம்மு. கட்டுப்பாடுன்னா அப்படி ஒரு கட்டுப்பாடு. ஒரு தபா பந்து மதில் தாண்டி உள்ள வுழுந்திடுச்சு, புதுப் பந்து, ஒருத்தனும் எடுக்கப் போகல. வுட்டுட்டோம்.

ஏப்ரல் நடுவுல ரிஜிஸ்டர் தபால் வந்துச்சு, முப்பது பேருக்கும். போஸ்ட்மேன் வீடு வீடா வந்தாரு. வாங்கல. 'கமிட்டி கடுதாசியா, திருப்பி எடுத்துக்கினு போ'ன்னுட்டோம். முப்பது தபாலும் கட்டா திரும்பிப் போச்சு. அந்த மாசக் கடைசியில உள்ள ஹால்ல ஏதோ கூட்டம் போட்டாங்க. நாங்க வெளிய நின்னு டிரம்மு அடிச்சோம். ஒரு மணி நேரம் குந்தியிருந்துட்டு எல்லாம் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கினு வெளிய வந்தாங்க. பாத்தியா, நம்ம சத்தத்துல கூட்டமே நடத்த முடியலன்னு நாங்க விசில் அடிச்சோம்.

மே மாசமும் அதே கதை. திரும்ப தபாலு, திரும்ப நாங்க வாங்கல, திரும்ப கூட்டம், திரும்ப கலைஞ்சு போனாங்க. இந்தத் தபா தணிகாசலம் மதில்மேல ஏணி போட்டு ஏறி, மைக்கைப் புடிச்சிக்கினு, 'டேய் ஏகாம்பரம், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு, நீங்க உள்ள வந்தாத்தான்…'ன்னு ஆரம்பிச்சான். நான் டிரம்முக்காரனைப் பாத்தேன். அவன் அடிச்சான் பாருங்க. மேல நின்னுக்கினு இவன் வாய் அசையறது மட்டும் தெரியுது, ஒரு எழுத்து கேக்கல. பத்து நிமிஷம் கத்திட்டு எறங்கிட்டான். எங்காளுங்க என்னைத் தோள்மேல தூக்கினாங்க.

வீட்ல தமயந்தி, அதான் என் வீட்டுக்காரி, 'அண்ணன் உங்ககிட்ட ஏதோ முக்கியமா சொல்லணுமாம், ஒரே ஒரு தபா கேளுங்களேன்'னா. வீட்ல கிளப்பு பேச்சு எடுக்காதேன்னு சொல்லிட்டேன். போன் பண்ணான், அவன் நம்பரைத் தடுத்து வெச்சிட்டேன். சத்தியம்னா சத்தியம்தானே சார்.

ஜூன்லயும் கூட்டம் கலைஞ்சது. எங்களுக்குக் கொதிச்சுப் போச்சு. ஜூலை வந்துடுச்சு, இன்னும் முப்பது நாளுகூட இல்ல. ஸ்டீபன்னு ஒரு பையன், எங்க ஸ்டிரைக்கரு, இருவத்திரெண்டு கோல் போட்டவன், 'கிளப்பு இருக்குமா இருக்காதான்னு தெரியலண்ணா'ன்னு வேற டீமுக்குப் பூட்டான். போவும்போது என் கையைப் புடிச்சிக்கினு அழுதான். எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல. எங்க அப்பா மூட்டை தூக்கி வளத்த கிளப்பு. அது சாவப்போவுது, அதைச் சாவடிக்கறவன் என் மச்சான். எனக்கு வேற எப்படி இருக்கும் சொல்லுங்க.

அப்பத்தான் அந்த ஊர்வலம் வெச்சோம்.

அதைச் சொல்லணுமா? சரி, சொல்றேன். அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, நம்ம பக்கம் எல்லாரும் செய்யறதுதான். பாடை கட்டினோம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அதுல வெச்சு, மாலை போட்டு, 'செகரட்டரி தணிகாசலம்'னு அட்டையில எழுதி மாட்டினோம். பறை, பூ, பொரி எல்லாம் முறையா. அவன் தெரு வழியாத்தான் போனோம். நல்ல கூட்டம். ஜனங்க மாடியில இருந்து சிரிச்சிக்கினு வீடியோ எடுத்தாங்க. அவன் வீட்டுக்கு முன்னால நிறுத்தினோம். குடம் உடைக்கணுமில்ல? அவனுக்குப் பையன் கெடையாது, ஒரே பொண்ணு. யாரு உடைக்கறதுன்னு கேட்டாங்க. எவனோ ஒருத்தன், 'மச்சான் இருக்கறாரே'ன்னான். எல்லாரும் கை தட்டினாங்க. நான் குடத்தைத் தோள்ல வெச்சு மூணு சுத்து சுத்தி, பின்பக்கமா போட்டு உடைச்சேன்.

தமாஷுக்கு சார். தமாஷுக்குத்தான்.

வீட்டுக்கு வந்தா, தமயந்தி வாசப்படியில நிக்கறா. பக்கத்துல ஒரு பக்கெட்டுல தண்ணி, ஒரு சொம்பு. 'இங்கயே குளிச்சிட்டு உள்ள வாங்க'ன்னா. இன்னாத்துக்குன்னேன். 'சாவுக்குப் போயிட்டு வந்தவங்க குளிக்காம உள்ள வரக்கூடாது'ன்னா. நான் சிரிச்சேன். அன்னிக்கு நல்ல வெயிலு வேற, தெருவுலயே நாலு சொம்பு ஊத்திக்கினேன், ஜில்லுனு இருந்துச்சு. துண்டைக் குடுத்தா. 'உசுரோட இருக்கிற என் அண்ணனுக்கு நீங்க குடம் உடைச்சிட்டீங்க'ன்னா. அதுக்கப்புறம் அதைப்பத்தி ஒண்ணும் பேசல. சோறு போடறா, துணி துவைக்கறா, எல்லாம் பண்றா. பேச்சு மட்டும் கணக்கா இருக்குது. பொம்பளைங்களுக்கு இந்தப் போராட்ட முறையெல்லாம் புரியாது சார்.

லாரி நவுருதா? இல்ல, அவன் சும்மா ஹாரன் அடிக்கறான்.

அப்புறம் பதினஞ்சு நாளு தணிகாசலம் ஆளே காணோம். கிளப்புக்கு வரல. வீடு பூட்டிக் கெடக்குது. சரி, மூஞ்சியைக் காட்ட முடியாம எங்கயோ பதுங்கிட்டான்னு பேசிக்கினோம். நான்கூட மேடையில, அதாவது பாஷா பாய் பெஞ்சுமேல ஏறி, 'குற்றமுள்ள நெஞ்சு ஓடி ஒளிஞ்சிடுச்சு'ன்னு பேசினேன். அப்பால தெரிஞ்சது, அவன் ரிஜிஸ்டர் ஆபீசுக்கும் சர்வேயர் ஆபீசுக்கும் நடையா நடந்துக்கினு இருந்தானாம். பழைய பத்திரம் தேடி.

ஜூலை முப்பது. மறுநாளு கடைசி நாளு. நாங்க மூணு மணிக்கே வந்து நிக்கறோம். ஒரு எளவு வீடு மாரித்தான் இருந்துச்சு, டிரம்மு அடிக்கக்கூட மனசு இல்ல. நாலு மணிக்கு கேட்டு தெறந்துச்சு. தணிகாசலம் வெளிய வரான். பத்து கிலோ எளைச்சிட்டான். கூட ஒரு சர்வேயரு, கையில நீளமா டேப்பு. ரெண்டு பேரும் எங்களைப் பாக்கவே இல்ல. மதில்ல இருந்து டேப்பைப் புடிச்சு ரோட்டுப் பக்கம் அளக்கறாங்க. பாஷா பாய் கடையைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, எங்க காலையெல்லாம் தாண்டி. பதினோரு அடி. அங்க சுண்ணாம்புல ஒரு கோடு போட்டான், கிரவுண்டுல எல்லைக்கோடு போடுவாங்களே அந்த வண்டியை வெச்சு. நீட்டா.

அப்பத்தான் மைக்கை எடுத்தான். டிரம்முக்காரன் என்னைப் பாத்தான். எனக்கு என்னமோ அன்னிக்கு கை தூக்கத் தோணல.

'ஒரு புயல்ல பழைய மதில் வுழுந்துச்சு, ஞாபகம் இருக்குதா'ன்னான். 'புதுசாக் கட்டும்போது சாக்கடை போவறதுக்கு எடம் வுட்டு பதினோரு அடி உள்ளதள்ளிக் கட்டினாங்க. நெலம் இந்தக் கோடு வரைக்கும் கிளப்போடது. பத்திரத்துல இருக்குது, சர்வேயர் சார் கையெழுத்துப் போட்டிருக்காரு. நீங்க நாலு மாசமா கிளப்புக்கு உள்ளதான் நிக்கறீங்க.'

எல்லாரும் காலுக்குக் கீழ பாத்தோம். பாஷா பாய் மட்டும், 'அப்ப என் கடை?'ன்னாரு. 'அதை அப்பால பேசிக்கலாம் பாய்'ன்னான்.

உள்ள இருந்து மேசையைத் தூக்கிக்கினு வந்தாங்க. மிச்ச லைஃப் மெம்பருங்க இருபத்திநாலு பேரும், சத்தியம் பண்ணாம உள்ள போய் வந்துக்கினு இருந்தவங்க, ஆளுக்கொரு நாற்காலியோட வெளிய வந்தாங்க. மினிட்ஸ் நோட்டை விரிச்சான். எங்க கிளப்புல ஒரு பழைய சட்டம். ஆரம்ப காலத்துல எவனோ வீடு வீடாப் போய் ஏமாத்திக் கையெழுத்து வாங்கி கிரவுண்டை வித்துடப் பாத்தானாம். அதனால பெரியவங்க எழுதி வெச்சாங்க, கிளப்பைக் கை மாத்தறதுன்னா அம்பத்திநாலு லைஃப் மெம்பர்ல முப்பத்தாறு பேரு கிளப்பு எடத்துக்குள்ள நேர்ல வந்து நின்னு கையெழுத்துப் போடணும். ஆள் மாத்திப் போடக்கூடாது, வீட்டுக்கு எடுத்துக்கினு போகக்கூடாது. அந்தச் சட்டத்தை எழுதினதே எங்க அப்பாதான் சார். எனக்குத் தெரியும். எங்களுக்கெல்லாம் தெரியும். மாசா மாசம் உள்ள கூட்டம் போட்டது அதுக்குத்தான்னு தெரியாது, அவ்ளோதான். கமிட்டி கூட்டம்னு நெனைச்சிட்டோம். தபால்ல எழுதியிருந்தானாம்.

'வேணாம்னு நெனைக்கறவன் கோட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போயிடலாம். நிக்கறவன் நின்னதாக் கணக்கு'ன்னான். ஒருத்தன் நவுரல. முப்பது பேரும் வரிசையில வந்து கையெழுத்துப் போட்டோம்.

இதுல ஒரு விஷயம் கவனிங்க சார். நாங்க உள்ள போகல. கிளப்புதான் எங்ககிட்ட வெளிய வந்துச்சு. நாங்க மட்டும் நாலு மாசம் உறுதியா நிக்கலன்னா அவங்க எறங்கி வந்திருப்பாங்களா? அன்னிக்கு சாயங்காலம் நான் அதைத்தான் பேசினேன். நல்லா கை தட்டினாங்க. சத்தியம் மீறிட்டோமா இல்லையான்னு ஒரு பேச்சு வந்துச்சு. நாங்க எல்லைக்குள்ள நின்னோமே. நான் எழுதினதை எடுத்துக் காட்டினேன். 'கேட்டைத் தாண்டி'ன்னுதான் போட்டிருக்குது. கேட்டை எவன் தாண்டினான்? கேலரி எல்லாருக்கும் உண்டுன்னு தீர்ப்பு ஆயிடுச்சு.

மறுநாளு காலையில பதிவும் ஆயிடுச்சு. பட்டாசு. பாஷா பாய் இந்தத் தபா ஓசி டீ குடுக்கல, அவரு கவலை அவருக்கு.

இன்னா கேக்கறீங்க? அப்போ ஏப்ரல்லயே நாங்க உள்ள போயிருந்தா?

நீங்களும் தமயந்தி மாரியே கேக்கறீங்க சார். வெளிய முப்பது, உள்ள இருபத்திநாலு. தேவை முப்பத்தாறு. நாங்க பன்னெண்டு பேரு போயிருந்தாப் போதும். மார்ச்சுல வெடிச்ச பட்டாசு வாசனை போவறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். ஸ்டீபன் போயிருக்க மாட்டான். கூட்டிப் பாக்கத் தெரியாதவனா நான்? கிரேன்ல எத்தினி டன்னு தூக்கலாம்னு மனசுலயே கணக்குப் போட்டவன். ஆனா அப்போ கூட்டிப் பாக்கல. யாரும் பாக்கல. எவ்ளோ பேரு நம்ம பக்கம் நிக்கறாங்கன்னுதான் எண்ணிக்கினு இருந்தேன்.

சரி, அது போவட்டும். வரிசையில கடைசியில நான்தான் நின்னேன். எங்க அப்பா மெம்பர் நம்பரு ஏழு, அது இப்போ என்னோடது. பேனாவை நீட்டினான். எப்பவும் என்னை ஏகா, ஏகான்னு கூப்புடுவான். அன்னிக்கு, 'மெம்பர் நம்பர் ஏழு, இங்க போடுங்க'ன்னான். 'போடுங்க'ன்னான் சார். நாப்பத்தஞ்சு வருஷத்துல என்னை அவன் வாங்க போங்கன்னு சொன்னது அதான் மொத தபா. என் மூஞ்சியைப் பாக்கல. நான் போட்டேன். நோட்டை மூடினான், சாவிக்கொத்தை அதுமேல வெச்சான், ராஜினாமா கடுதாசியை வெச்சான், நடந்து போயிட்டான். ஒருத்தனும் 'நில்லு'ன்னு சொல்லல. நான் சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல. பத்தாவது நிமிஷம் பெஞ்சுமேல ஏறி நின்னு பேசினேனே, அதுக்கு மட்டும் வாய் வந்துச்சு.

அடுத்த வாரமே வீட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துட்டான். அந்தத் தெருவுல இருக்க முடியலன்னு பொண்ணுகிட்ட சொன்னானாம். போற வர்ற வாண்டுங்கல்லாம் 'செத்தும் நடக்கறாரு பாரு'ன்னு சிரிக்குதுங்களாம். வீடியோ இன்னும் போன்ல சுத்துது.

பசங்க என்னைத்தான் அனுப்பினாங்க. 'நீங்க பேசினா யாரும் மறுக்க முடியாதுண்ணே'ன்னாங்க. அதுவும் நெசம்தான். முந்தாநாளு போயிட்டு வந்து, 'அவன் வரமாட்டேன்ட்டான்'னு தமயந்திகிட்ட சொன்னேன். அப்படியான்னா. நேத்தும் சொன்னேன். அப்படியான்னா. அவ்ளோதான். ஆனா முந்தாநாளு ராத்திரி பொடவை முந்தானையை வாயில வெச்சிக்கினு அழுதா. தன் அண்ணன் இவ்ளோ கல்லாயிட்டானேன்னு அவளுக்கு.

நவுருது பாருங்க. லாரி எல்லாம் ஒதுங்கிட்டான். இந்தப் பாலம் எறங்கினா நம்ம ஸ்டாப்புதான்.

இன்னா கண்டக்டரே? தெரியும்யா, புதுநகர் வருதுன்னு தெரியும். ஆமா, நேத்தும் இந்த பஸ்ஸுதான். முந்தாநாளும்தான். அதை எதுக்குய்யா பஸ் முழுக்கக் கேக்கற மாரி சொல்றே. டிக்கெட் எடுத்தேனா இல்லையா? கடைசி ஸ்டாப் வரைக்கும் சேத்துத்தானே எடுத்தேன்?

அவன் சொல்றது சரிதான் சார். நான் இறங்கல. ரெண்டு நாளும் இறங்கல. இந்த ஸ்டாப்பு வரும்போது ஜன்னல் வழியாப் பாப்பேன். அந்தப் பச்சை வீடு, மாடியில துணி காயுது பாருங்க, அதான் அவன் பொண்ணு வீடு. பாத்துக்கினே மீஞ்சூர் போயிடுவேன். அங்க பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சிட்டு இதே பஸ்ஸுல திரும்பிடுவேன். கூப்ட்டேன் வரமாட்டேன்ட்டான்னு கிளப்புல சொல்லிட்டேன். வீட்லயும் சொல்லிட்டேன். நேத்து கிளப்புல எல்லாரும் அவனைத் திட்டினாங்க, இவ்ளோ திமிரு ஆவாதுன்னு. நானும் கூட நின்னேன்.

அவனை இன்னும் யாருமே கூப்புடல சார். ஞாயித்துக்கிழமை மேட்சு இருக்குதுன்னுகூட அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ.

மன்னிச்சிட்டேன்னு சொல்லப்போறேன்னு சொன்னேனில்ல, அது வேணாம். அதைக் கேட்டான்னா கதவைச் சாத்திடுவான், சாத்தினா தப்பும் இல்ல. பந்து, கம்பெனி, ஞாயித்துக்கிழமை எல்லாம் அப்பால. மொதல்ல அந்தக் குடத்தைப்பத்தி சொல்லணும். எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. ஊருக்கெல்லாம் பேசறவன், எனக்கு ஒரு வார்த்தை வரமாட்டேன்னுது.

இருய்யா கண்டக்டரே, விசில் அடிக்காதே. கொஞ்சம் காலை ஒதுக்குங்க சார். இறங்கிக்கறேன்.